சூட்டுக்குக் கூலி

புதூர்ப் பக்கம் ஒரு தம்பி பழைய மகேந்திரா பிக்கப் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார். வாரம் முழுக்க மில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வண்டி வேலை. டீ கிளாஸை வாங்கிய கையோடு கேட்டார்:

"அண்ணாச்சி, பின்னாடி பட்டை ரெண்டு பக்கமும் தொங்கிப் போச்சு. ஒண்ணு உடைஞ்சே போச்சு. எடைக்குப் போட்டுட்டு வேற வண்டிப் பட்டைய வெட்டி மாட்டுங்கிறாரு மெக்கானிக். ஆசாரிகிட்ட கொடு, நல்ல அருவாளா அடிச்சுத் தருவாருங்கிறாரு எங்க அப்பா. யார் பேச்சைக் கேக்க?"

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி. உடைந்த பட்டைக்கு அப்பா சொன்னது சரி. தொங்கிய பட்டையை எடைக்கும் போட வேண்டாம், அரிவாளாகவும் ஆக்க வேண்டாம். அதையே வளைத்து மறுபடி மாட்ட வழி இருக்கிறது, அதற்கும் ஆசாரியிடம்தான் போக வேண்டும். வண்டியைத் தாங்குகிற பட்டையும் வேலிமுள் வெட்டுகிற அரிவாளும் ஒரே உருக்கு. சூட்டை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் ஒன்று வில்லாகிறது, இன்னொன்று வெட்டுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பழைய வண்டியைச் சீர்செய்வதும் புரியும், கொல்லுப்பட்டறை ஏன் வேண்டும் என்பதும் புரியும். கொஞ்சம் பொறுமையாகவே பார்க்கலாம்.

முதலில் வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் மகேந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1965இல் சின்னச் சரக்கு வண்டிகளிலும் இறங்கியது. என்ஜினுக்கு மேலேயே டிரைவர் உட்காருகிற, முகம் தட்டையான எப்.சி. வகை பிக்கப்புகள் அந்த வழியில் வந்தவை. மிளகாய், மல்லி, உளுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கரிசல் காட்டுப் பாதையில் கிடந்து, விருதுநகர் கமிஷன் கடை வரைக்கும் போய்வர அந்தக் காலத்தில் இந்த ஜாதி வண்டிகள்தான் தோது. இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள், அவற்றை இறுக்கும் ரிவிட்டுகள், நாலு மூலையிலும் பட்டைக்கட்டு. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஊர்க் கொல்லருக்குப் புரியாத பாகம் அதில் கொஞ்சம்தான். அதனால்தான் இன்றைக்கும் அதை உயிர்ப்பிக்க முடிகிறது.

இனி பட்டைக்கட்டு. மேலே நீளமாக இருப்பது மெயின் பட்டை. அதன் இரண்டு நுனியும் கண்ணாகச் சுருட்டப்பட்டு, உள்ளே புஷ் போட்டு, ஒரு பக்கம் சட்டத்திலும் மறுபக்கம் சாக்கிளிலும் தொங்கும். அதற்கடியில் ஒன்றைவிட ஒன்று குட்டையாகப் பட்டைகள் அடுக்கியிருக்கும். நடுவில் சென்டர் போல்ட், அச்சோடு சேர்த்துப் பிடிக்க யூ போல்ட். படிப்படியாகக் குட்டையாவது அழகுக்காக இல்லை. பாரம் ஏறும்போது வளைக்கிற விசை நடுவில் அதிகம், நுனிக்குப் போகப் போகக் குறைவு. நடுவில் ஏழெட்டு அடுக்கு, நுனியில் ஒரே அடுக்கு என்று வைத்தால் எல்லா இடத்திலும் உருக்கு ஏறக்குறைய ஒரே அளவு சிரமப்படும். கனமான ஒற்றைப் பட்டையைப் போட்டால் வண்டி தூக்கிப் போடும், பட்டையும் நடுவில் சீக்கிரம் முறியும். பட்டைக்குப் பட்டை உரசுவதில் குலுக்கலும் கொஞ்சம் அடங்கும்.

மெக்கானிக் சொன்னபடி வேறு வண்டிப் பட்டையை வெட்டி மாட்டினால் இந்தக் கணக்கு முழுக்கக் கெடும். கனமும் வளைவும் ஒத்துவராத பட்டை ஒன்று நடுவில் புகுந்தால், பக்கத்துப் பட்டையோடு படியாமல் ஓர் இடத்தில் மட்டும் முட்டி நிற்கும். முறிவது அந்த இடத்தில்தான்.

"சரி அண்ணாச்சி, இரும்புதான, ஏன் தொங்குது?"

வில்லை எவ்வளவு வளைத்தாலும் விட்டதும் பழைய இடத்துக்கு வர வேண்டும். அதற்கு ஓர் எல்லை உண்டு. மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றிப் பள்ளத்தில் இறக்க இறக்க அந்த எல்லையைத் தாண்டித் தாண்டி, ஒவ்வொரு முறையும் நூல் அளவு வளைவு திரும்பாமல் நின்றுவிடும். பல வருஷம் கழித்துப் பார்த்தால் வில் நேர்க்கோடாகிக் கிடக்கும். உருக்கு கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, வளைவுதான் போயிருக்கிறது. உடைவது வேறு கதை. துரு தின்ற குழியிலோ, யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் துளையிலோ மயிரிழை விரிசல் ஒன்று பிறந்து, குலுக்கக் குலுக்க நீண்டு, ஒரு நாள் டப்பென்று விடும்.

ஆகவே பட்டைகளைக் கழற்றியதும் முதல் வேலை விரிசல் பார்ப்பது. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுங்கள். மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊற விட்டு, துணியால் நன்றாகத் துடையுங்கள். மேலே சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் ஈரக்கோடு விழும். பெரிய தொழிற்சாலைகளில் சாயம் ஊற்றிப் பார்க்கிற சோதனையின் தாத்தா இது. ஈரக்கோடு விழுந்த பட்டை வண்டிக்கு ஆகாது. அதை வெல்டிங் வைத்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் டீக்குக் காசு கொடுத்து அனுப்பிவிடுங்கள். வெல்டிங் வைத்த இடத்தின் ஓரம் தாறுமாறாகச் சூடேறி, ஒரு கோடு விறைத்தும் அடுத்த கோடு இளகியும் போகும். வில்லில் அப்படி ஒரு கோடு இருந்தால் முறிவதற்கு நாள் குறித்தாயிற்று.

இப்போது விஷயத்துக்குள் போகலாம். இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

இரும்பில் கரி, அதாவது கார்பன், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது அதன் குணம். கட்டடக் கம்பி, கிரில் கம்பி போன்ற மெல்லுருக்கில் கரி கால் சதவீதத்துக்குள். அதைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் விறைப்பு அவ்வளவாக ஏறாது. அரத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல். லாரி, பஸ், ஜீப் பட்டைகளில் அரைச் சதவீதத்தை ஒட்டி, கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நம் ஊர்ப் பட்டைகளில் பெரும்பாலும் சிலிக்கானும் மாங்கனீசும் சேர்த்திருப்பார்கள். விறைக்கவும் செய்யும், வளையவும் செய்யும் நடுவாந்தர உருக்கு இது.

இந்த உருக்கைச் சுமார் 800 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் முறையே மாறி, கரி அதற்குள் கரைந்துவிடும். மெதுவாக ஆற விட்டால் கரி பிரிந்து தன் இடத்துக்குப் போகும், உருக்கு பழையபடி மெத்தென்று ஆகும். சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் கரிக்குப் பிரிய நேரமிருக்காது. உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுக்கை இழுத்துப் பிடிக்கும். அந்த நிலையில் உருக்கு பயங்கர விறைப்பு, அரம் வைத்தால் வழுக்கும். ஆனால் கல்லில் தட்டினால் உடையும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டி, விறைப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் உறுதியை வாங்க வேண்டும். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் கொல்லரின் கெட்டிக்காரத்தனம். 230, 250 டிகிரியில் நிறுத்தினால் வெட்டும் வாய். 400லிருந்து 500 வரை கொண்டுபோனால் வில்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். வெல்லம் ஒன்றேதான். முன்னாலேயே இறக்கினால் பல்லில் ஒட்டும், தாண்டினால் கசக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிற கைதான் 2020இல் கிடைத்த புவிசார் குறியீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. உருக்குக்கும் அப்படி ஒரு பதம் உண்டு, அதைப் பார்க்கிற கண்ணும் உண்டு.

"தெர்மாமீட்டர் இல்லாம 800ன்னு எப்படித் தெரியும்?"

நிறத்தில் தெரியும். 700ஐ நெருங்கும்போது மங்கிய சிவப்பு. 800 வாக்கில் பழச்சிவப்பு. 900 தாண்டினால் ஆரஞ்சு. 1100இல் மஞ்சள். 1300 பக்கம் வெள்ளை, அதற்கு மேல் போனால் பூப்பூவாகப் பொறி தெறித்து உருக்கு எரிய ஆரம்பிக்கும். கொல்லுப்பட்டறை எப்போதும் இருட்டாக இருப்பதற்கு வசதியின்மை மட்டும் காரணமில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தால் பழச்சிவப்பும் மங்கிய சிவப்பும் ஒன்றாகத் தெரியும். பட்டறைக்கு நல்லது செய்கிறோம் என்று கூரையில் கண்ணாடி ஓடு போட்டுக் கொடுத்தால் ஆசாரி அடுத்த நாளே சாக்கை விரித்து மறைப்பார்.

சந்தேகம் வந்தால் ஒரு காந்தத் துண்டு போதும். 770 டிகிரி வந்ததும் இரும்பு காந்தத்துக்கு மசியாது. ஒட்டுவது நின்றபின் இன்னும் கொஞ்சம் காட்டினால் தோய்க்கும் சூடு வந்துவிட்டது என்று கணக்கு.

உடைந்த பட்டை அரிவாளாவதைக் கிட்ட இருந்து பாருங்கள். தென் மாவட்டங்களில் அரிவாளுக்குப் பேர்போன ஊர் சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தி. அங்கேயும் சரக்கு பெரும்பாலும் லாரி, பஸ் பட்டைதான். ஊர் ஊராக இருக்கும் நம் பட்டறைகளிலும் அதே கதை. பட்டையை உலையில் ஆரஞ்சு நிறத்துக்குக் கொண்டுவந்து, பட்டடைமேல் வைத்து, உளியை ஒருவர் பிடிக்க இன்னொருவர் சம்மட்டி போட்டு வேண்டிய அகலத்துக்குப் பிளப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு சூட்டுக்கும் சில அடிதான். நிறம் மங்கிவிட்டால் அடிப்பதை நிறுத்த வேண்டும். ஆறிய உருக்கை அடித்தால் உள்ளே விரிசல் விடும், அது அன்றைக்குத் தெரியாது, முள் வெட்டும்போது தெரியும். நுனியை இழுத்து மூக்கு வளைப்பது, முதுகைக் கனமாக விட்டு வாயை மெல்லிசாக்குவது, பிடிக்குள் போகும் காம்பை இழுப்பது என்று மறுபடி மறுபடி உலைக்குப் போய்வரும்.

கடைசியில் தோய்ப்பு. முழு அரிவாளையும் தண்ணீரில் போட்டால் முதுகும் விறைத்து, ஓங்கிப் போட்ட ஒரே வெட்டில் இரண்டாகும். அதனால் வாய்ப்பக்கத்தை மட்டும் பழச்சிவப்பாக்கி, வாயை மட்டும் தண்ணீரில் சில நொடி காட்டி எடுப்பார். வாய் விறைத்திருக்கும், முதுகில் சூடு இன்னும் இருக்கும். உடனே ஒரு கல்துண்டால் வாயோரத்தைப் பளிச்சென்று தேய்ப்பார். முதுகுச் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். தேய்த்த இடத்தில் முதலில் இளம் வைக்கோல் நிறம் ஓடும். பிறகு அது பழுப்பாகும், ஊதாவாகும், நீலமாகும். வைக்கோல் நிறம் பழுப்பாக முற்றுகிற நேரத்தில், அதாவது 230, 250 டிகிரி வாக்கில், முழுவதையும் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார். நீலம் வரை விட்டால் வாய் மழுங்கும். எல்லாம் சேர்த்து ஓரிரண்டு நிமிஷம். அந்த நேரம் ஆசாரியிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

வில்லுக்கு இந்த வண்ணக் கணக்கு போதாது. 400, 500 டிகிரி என்பது நீலத்தையும் தாண்டிய சாம்பல் நிறம், கண்ணுக்கு ஒன்றும் சொல்லாது. அதற்குப் பழைய வில் வேலைக்காரர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். எண்ணெயில் தோய்த்த பட்டையை அந்த எண்ணெயோடேயே அனலுக்கு மேலே காட்டினால், ஒரு கட்டத்தில் எண்ணெய் தானாகத் தீப்பிடித்து எரிந்து அடங்கும். வில் பதத்துக்கு அது அடையாளம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஊர் உலையில் ஒரு முழ நீளம்தான் ஒரே சூடாக ஏறும். மூன்று, நாலு அடிப் பட்டையை அதில் காய்ச்சினால் இங்கே வில், அங்கே வெண்ணெய் என்று திட்டுத்திட்டாகப் போய்விடும். ஆகவே முழுக்கச் சூடு காட்டி வளைக்க வேண்டிய நிலை வந்தால், பட்டை முழுவதும் படுக்கிற ஃபர்னஸும் வெப்பமானியும் வைத்திருக்கும் ஸ்பிரிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பெரிய ஊர்களில் லாரி நிற்கும் இடத்தை ஒட்டி அப்படிப்பட்டவை இருக்கும்.

தம்பியின் வண்டிக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஓரளவு தொங்கிய பட்டையைச் சூடு காட்டாமலே வளைக்கலாம். குழிவுப் பக்கம் மேலே வரும்படி, நடுவில் இடைவெளி விட்ட இரண்டு தாங்கல்மேல் பட்டையை வைத்து, இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை விரல் இடைவெளி விட்டு வரிசையாக அடித்துக்கொண்டு போவார்கள். ஓர் அடிக்கு ஒரு நூல்தான் வளையும். தரையில் சாக்பீஸால் வளைவு வரைந்து வைத்துக்கொண்டு, அதன்மேல் பட்டையை வைத்து வைத்துப் பார்ப்பார்கள். சம்மட்டியை ஒரே கனத்தில் இறக்கத் தெரிந்த கை வேண்டும். ஓர் இடத்தில் கூடுதலாகப் போட்டுவிட்டால் அந்த இடம் மடிந்துபோகும். எல்லாப் பட்டையும் வளைந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் இறுக்கினால் நுனிகள் ஒன்றோடொன்று கவ்வ வேண்டும். யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் மட்டும் புதிதாக வாங்குங்கள், பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

"ரிவிட்டு லொடலொடங்குதே, அதையும் வெல்டிங் வைக்கக் கூடாதா?"

கூடாது. சட்டம் கரிசல் பாதையில் முறுக்கிக்கொண்டும் நிமிர்ந்துகொண்டும் போக வேண்டியது. வெல்டிங் வைத்தால் முறுக்கெல்லாம் அந்த ஓரத்திலேயே சேரும். பழைய ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, மெல்லுருக்கு ரிவிட்டைச் சிவக்கக் காய்ச்சித் துளையில் விட்டு, ஒருவர் ஒரு பக்கம் தாங்க மறுபக்கம் தலை தட்டுவது கொல்லர் வேலை. ஆறும்போது ரிவிட்டு சுருங்கி இரண்டு தகட்டையும் இழுத்து இறுக்கிவிடும்.

இந்தச் சுருக்கத்தை வைத்துத்தான் நம் ஊரில் மாட்டு வண்டியே ஓடியது. ஐந்தடிச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 4.8 மீட்டர். இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். 500 டிகிரி ஏற்றினால் சக்கரத்தைச் சுற்றிப் போடும் இரும்புப் பட்டா 2.9 சென்டிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும். மரச் சக்கரத்தைவிட ஓர் அரை அங்குலம், முக்கால் அங்குலம் குறைவாகப் பட்டாவைச் சேர்த்து, வரட்டி அடுக்கித் தீ மூட்டி, காய்ந்ததும் குறடு போட்டுத் தூக்கிச் சக்கரத்தில் இறக்கி, சளசளவென்று தண்ணீர் ஊற்றினால் வட்டை, ஆரக்கால், குடம் எல்லாம் நெறுநெறுவென்று ஒன்றாக இறுகும். ஆணி கிடையாது, பசை கிடையாது. எவ்வளவு குறைத்துச் சேர்ப்பது என்பது ஆசாரியின் கணக்கு. கூடுதலாகக் குறைத்தால் ஆரக்கால் முறியும். டயர் வண்டி வந்தபின் பட்டா போடும் வேலை போயிற்று, கணக்குத் தெரிந்த கைகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ரிவிட்டு அந்தக் கணக்குக்குப் பேரன்.

எல்லாவற்றையும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். ஸ்டியரிங்கைச் சேர்ந்த கம்பி, கை, பால் ஜாயின்ட், முன் சக்கரத்துக் கிங் பின், பிரேக் சாமான் இவற்றுக்கு உலை வேண்டவே வேண்டாம். வளைந்தால் மாற்றுங்கள், காய்ச்சி நிமிர்த்தாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடம் அது. பின்கதவுக் கீல், சங்கிலி, கொக்கி, பாரம் கட்டும் வளையம், பலகையை இறுக்கும் பட்டிகள், பம்பர் தாங்கி, ஏறுபடி ஆகியவற்றைக் கடையில் தேடி அலைய வேண்டாம். பழையதை மாதிரிக்குக் கொடுத்தால் ஆசாரி அடித்துத் தருவார், அந்தக் காலத்து வண்டிக்கு அந்தக் காலத்துச் சாமானாகவே இருக்கும்.

உலைக்கு வேண்டிய கரி விஷயத்தில் நம் பக்கத்தை அடிக்க ஆளில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் வந்த சீமைக் கருவேலம், இன்றைக்கு நீதிமன்றம் வரை போய்த் திட்டு வாங்கிய மரம். ஆனால் புதூர், விளாத்திகுளம், சாயல்குடி, கமுதி வட்டாரத்தில் மழை பொய்த்த வருஷமெல்லாம் அடுப்பு எரிந்தது அதைக் கரியாக்கும் மூட்டத்தால். கட்டையை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மேலே மண் பூசித் தீ வைத்தால் உள்ளேயே நாள்கணக்கில் புழுங்கிக் கரியாகும். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் மிஞ்சுவது சாம்பல்.

இந்தக் கரியில் கந்தகம் மிகக் குறைவு. நிலக்கரியில் கந்தகம் இருந்தால் அது உருக்கில் ஏறி, காய்ச்சி அடிக்கும்போது ஓரம் வெடிக்கும். அதனால் நல்ல அரிவாளுக்கு மரக்கரி என்பது வெறும் நம்பிக்கை இல்லை. கரி வண்டியையே ஓட்டிய காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயு அடுப்பு செய்து பஸ்களுக்குக் கொடுத்தது. காற்றைக் குறைத்துவிட்டுக் கரியை எரித்தால் வரும் கார்பன் மோனாக்சைடுதான் என்ஜினில் எரிபொருள்.

நம் மாவட்டத்து இரும்புக்கு வயசும் கொஞ்சமில்லை. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வாள், ஈட்டி, கருவிகள் குவிந்து கிடைத்தன. சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை சொன்னது. உலகத்து அறிஞர்கள் அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தென்னிந்திய மூசை உருக்கின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க லண்டனில் 1819 முதல் சில வருஷம் முயன்றவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே, அவரே ஒரு கொல்லர் மகன். எந்த உலோகத்தைக் கலந்தார்கள் என்று தேடி, அலுமினியமாக இருக்கலாம் என்று நினைத்தார். அது இல்லை. கரியின் அளவும், உருக்கை ஆற விட்ட பொறுமையும், மிதச் சூட்டில் அடித்த கையும் சேர்ந்தது அந்த உருக்கு. என்ன கலந்திருக்கிறது என்பது பாதிக் கேள்விதான், சூட்டை என்ன செய்தார்கள் என்பது மீதி.

அந்த மீதிப் பாதி புத்தகத்தில் நிற்காது. நான் மேலே எழுதிய நிறக்கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒருவர் அரிவாள் அடித்துவிட முடியாது. உலைக்குப் பக்கத்தில் நின்று பல நூறு தடவை பார்த்த கண் வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் உலை எரிய வேண்டும், எரிய வேண்டுமென்றால் வேலை வர வேண்டும். மரக் கலப்பைக்குக் கொழு தட்டிய காலத்தில் ஊரே வேலை கொடுத்தது, களத்தில் தானியமாகக் கூலி வந்தது. டிராக்டரும் ஒன்பது கொத்துக் கலப்பையும் வந்தபின் கொழு இல்லை. கடையில் எடைக்குத் தொங்கும் மெஷின் அரிவாள் வந்தபின் மிச்சமும் குறைந்தது.

அரசுகள் சும்மா இல்லை. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17இல் தொடங்கியது. 18 தொழில்களில் கொல்லர் தொழிலும் உண்டு, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை தருகிறது. குடும்பத் தொழில் என்பதைச் சுற்றி அது அமைந்திருக்கிறது என்று தமிழ்நாடு ஏற்க மறுத்து, குடும்பம் பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் கொண்டுவந்தது. அரசியலை ஒதுக்கிவிட்டுப் பட்டறைப் பக்கமிருந்து பார்த்தாலும், பிறப்பைப் பார்த்து ஆள் தேடினால் உலை அணையும் என்றுதான் தோன்றுகிறது. ஆசாரி மகன் ஐ.டி.ஐ. படித்துத் திருப்பூருக்கோ துபாய்க்கோ போவது அவர் உரிமை. சம்மட்டி பிடிக்க ஆசைப்படுகிற பையன் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் பட்டடைப் பக்கத்தில் அவனுக்கு இடம் இருக்க வேண்டும்.

வண்டிக்கும் ஒரு சட்டச் சங்கடம் உண்டு, சொல்லிவிடுகிறேன். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்காக 2021இல் ஒன்றிய அரசு தனி விதி கொண்டுவந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி எண், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அது இருசக்கர வண்டிகளுக்கும் ஆள் ஏறும் நாலு சக்கர வண்டிகளுக்கும்தான். சரக்கு ஏற்றும் பிக்கப் அந்தக் கணக்கில் வரவில்லை. காரை வைத்திருந்தவர்களின் நினைவுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, மூட்டை சுமந்த வண்டிக்கு இன்னும் இல்லை. ஆகவே புத்தகம், பதிவு, தகுதிச் சான்று எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் பெயின்டுக்குக் காசு போடுங்கள்.

"சரி அண்ணாச்சி, இப்பவே ஆசாரிகிட்ட போயிரவா?"

"ஆவணி முடியப் போகுது. இப்பப் போனா வண்டி வெளிய நிக்கும் தம்பி."

மானாவாரிக் காட்டில் புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கி மண் பதமாக இருப்பது சில நாள்தான். கரிசல் ஈரத்தில் காலைக் கவ்வும், காய்ந்தால் கல்லாகும். அதற்கு முன்னால் களைவெட்டி, மண்வெட்டி, கலப்பைக் கொத்து எல்லாம் கூராகி நிற்க வேண்டும். அறுவடை நெருங்கும்போது பண்ணரிவாளோடு வந்து நிற்பார்கள். சித்திரை, வைகாசியில்தான் பட்டறையில் ஈ ஓட்டுவார்கள். பழைய வண்டி வேலைக்கு அந்த மாதங்கள்தான் தோது. அவசரமில்லாத வேலை, அவசரமில்லாத நேரத்தில் போனால் உலை அந்த இரண்டு மாதமும் எரியும். கூடமாட நின்று கற்றுக்கொள்ள ஒரு பையனும் கிடைப்பான், பள்ளிக்கூடம் லீவு விட்டிருக்கும்.

போகும்போது பட்டைகளைச் சாக்பீஸால் எண்ணிட்டு, எது முன், எது பின், எது இடது என்று எழுதிக் கொண்டுபோங்கள். வளைவு எவ்வளவு வேண்டும் என்று அட்டையில் வெட்டிக் கொடுங்கள். ரேட் பேசும்போது கிலோவுக்கு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். இரும்பு உங்களுடையது, அதன் எடையைப் பழைய இரும்புக் கடைக்காரர் சொல்வார். ஆசாரி விற்பது சூடு. எத்தனை சூடு காட்ட வேண்டும், எத்தனை ஆள் சம்மட்டி போட வேண்டும், எத்தனை மூட்டை கரி ஆகும் என்று கேட்டு, அதற்குக் கூலி பேசுங்கள். பேசியதில் பாதியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கரி முன்பணத்துக்குத்தான் வரும்.